பேய்ப்படம் பார்க்கப் போகிறீர்களா? பொந்தியானாக்கிலிருந்து தொடங்கலாம்

அக்டோபர் மாதக் கடைசியில் பேரங்காடிகளுக்குப் போனால் ஒரு பக்கம் அரிசிக் கோலமும் தோரணமும், இன்னொரு பக்கம் பூசணிக்காய் முகமும் நெகிழி எலும்புக்கூடும் கண்ணில் படும். 2024ஆம் ஆண்டில் தீபாவளியும் ஹலோவீனும் அக்டோபர் 31 என்ற ஒரே நாளில் வந்து சேர்ந்தன. முறுக்கு சுட்ட வீட்டிலேயே பிள்ளைகள் பேய் முகமூடி கேட்ட கதை பல குடும்பங்களில் நடந்திருக்கும்.

சன்வே லகூனிலும் சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸிலும் ஆண்டுதோறும் நடக்கும் பேய் இரவுகளுக்கு இளையர் கூட்டம் அலைமோதுகிறது. நுழைவுச்சீட்டு விலையைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவோர் அதைவிட அதிகம். அவர்களிடம் இருப்பது ஒரே கேள்விதான்: இந்த ஆண்டு என்ன பேய்ப்படம் பார்க்கலாம்?

கேட்டவுடன் ஹாலிவுட் பட்டியலை நீட்டுவது எளிது. ஆனால் இந்த மண்ணின் பேய்களை முதன்முதலாகத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் என்பது நம் இளையர்கள் பலருக்குத் தெரியாது. அந்தப் படங்களில் சில இன்று உலகில் எங்குமே இல்லை. மிஞ்சியிருப்பவற்றையாவது பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்குப் பேயை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் நடந்தவர்கள் அவர்கள். எந்த நிரையில் யார் தூக்கில் தொங்கினார், எந்த ஆற்றோரம் மோகினி நிற்கும், எந்த மரத்தடியில் முனீஸ்வரருக்குச் சுருட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மலாய்க்காரர்களின் பொந்தியானாக்கும் அந்தக் கதைகளுக்குள் எப்போதோ குடிபுகுந்துவிட்டது. பிரசவத்தில் இறந்த பெண் வாழைமரத்தில் குடியிருப்பாள், பிடரியில் ஆணி அடித்தால் அடங்கிவிடுவாள் என்று கதை சொல்லாத லயத்துப் பாட்டி அபூர்வம்.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. பேய்க்கு ஒரு வழக்கு இருக்கும். யாரோ அதற்கு அநியாயம் செய்திருப்பார்கள். பேய்ப்படத்தைத் தேர்ந்தெடுக்கவும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கதவு படாரென்று சாத்துவதும் கண்ணாடியில் முகம் தெரிவதும் அன்றிரவோடு மறந்துவிடும். அந்தப் பேய்க்கு என்ன நேர்ந்தது என்பது மறக்காது.

குட்டைக்குள் போன படம்

1957ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிங்கப்பூர் கேத்தே திரையரங்கில் ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப்படம் திரைக்கு வந்தது. ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் இயங்கிய கேத்தே கெரிஸ் நிறுவனத்தின் தயாரிப்பு அது. இயக்கியவர் பி.என்.ராவ். கேரளத்தில் பிறந்து, தமிழிலும் படங்களை இயக்கிவிட்டுச் சிங்கப்பூருக்கு வந்தவர். நாயகி மரியா மெனாடோ. கதை எழுதியவர் அவருடைய கணவர் அப்துல் ரசாக்.

முதுகு கூனிய, அழகற்ற சொமேல் என்ற பெண்ணை ஒரு முதியவர் எடுத்து வளர்க்கிறார். அவர் இறந்தபின் அவள் ஒரு மந்திர மருந்தைக் குடித்துப் பேரழகி ஆகிறாள். ஒரே நிபந்தனை, இரத்தத்தைச் சுவைக்கக் கூடாது. திருமணமாகிறது, குழந்தையும் பிறக்கிறது. ஒருநாள் கணவனைப் பாம்பு தீண்ட, அவன் உயிரைக் காப்பாற்ற அவள் விஷத்தை வாயால் உறிஞ்சி எடுக்கிறாள். நாக்கில் இரத்தம் படுகிறது. அவள் பொந்தியானாக் ஆகிவிடுகிறாள்.

கணவனைக் காப்பாற்றப் போய்ப் பேயான பெண்! இந்த ஒரு திருப்பத்துக்காகவே அந்தக் கதை இன்றும் பேசப்படுகிறது. படம் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஓடியது. மலாய்க்காரர்கள் மட்டுமல்லாமல் சீனர்களும் இந்தியர்களும் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். சீன ரசிகர்களுக்காகக் கேண்டனீஸ் மொழிமாற்றமும் செய்யப்பட்டது. படத்தில் சத்தே விற்பவராக வந்து சிரிக்க வைத்த நடிகர் வாஹிட்டுக்கு அதன்பின் ‘வாஹிட் சத்தே’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அந்தப் படத்தை இன்று யாராலும் பார்க்க முடியாது. படச்சுருள் எங்குமே கிடைக்கவில்லை. பழைய ஈயலம்பக் குட்டை ஒன்றுக்குள் அது வீசப்பட்டதாகத் திரைத்துறையில் நெடுங்காலமாக ஒரு பேச்சு உண்டு. அதே ஆண்டு வெளிவந்த இரண்டாம் பாகமான ‘டெண்டாம் பொந்தியானாக்’ படமும் இல்லை. மூன்று பாகங்களில் தப்பிப் பிழைத்தது 1958இல் வந்த ‘சும்பா பொந்தியானாக்’ மட்டுமே. கேத்தே கெரிஸின் மலாய்ப்படத் தொகுப்பைச் சிங்கப்பூரில் உள்ள ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பாதுகாத்து வருகிறது. அந்தத் தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது.

ஆகவே, முதல் பரிந்துரை ‘சும்பா பொந்தியானாக்’. இன்றைய பிள்ளைகள் இதைப் பார்த்து அலறுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒப்பனையைப் பார்த்துச் சிரிக்கவும் கூடும். பேயின் பல்லும் நகமும் அந்தக் காலத்துக் கைவேலை. ஆனால் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் விட முடியாமல் தவிக்கும் இடங்களில் மரியா மெனாடோவின் முகத்தைக் கவனியுங்கள். பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால், படம் முடிந்தபின் இன்னும் நாலு கதை இலவசமாகக் கிடைக்கும்.

எண்ணெய் மனிதனின் ஆண்டு

பொந்தியானாக்கின் வசூலைப் பார்த்த போட்டி நிறுவனமான ஷா சும்மா இருக்கவில்லை. 1958ஆம் ஆண்டு எண்ணெய் மனிதனின் ஆண்டு ஆனது. உடல் முழுக்கக் கறுப்பு எண்ணெய் பூசிக்கொண்டு, பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடும் ‘ஓராங் மிஞ்ஞாக்’ பற்றி அந்த ஓர் ஆண்டிலேயே மூன்று படங்கள் வந்தன. கேத்தே கெரிஸுக்காக ‘ஓராங் மிஞ்ஞாக்’, ‘செராங்கான் ஓராங் மிஞ்ஞாக்’ ஆகிய இரண்டையும் இயக்கியவர் எல்.கிருஷ்ணன். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். பின்னாளில் டான்ஸ்ரீ விருது பெற்றவர். 1950இல் ‘பக்தி’ படத்தில் பி.ரம்லீயைக் கதாநாயகனாக்கியவரும் அவரே.

அந்த பி.ரம்லீயே ஷா நிறுவனத்தின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் இயக்கி நடித்தது ‘சும்பா ஓராங் மிஞ்ஞாக்’. இதுதான் இரண்டாவது பரிந்துரை. பாத்தேக் துணியில் ஓவியம் தீட்டும் கூனன் ஒருவன். கைவேலையில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் ஊரே அவனைக் கேலி செய்கிறது. அடி வாங்கி, அவமானப்பட்டு, கடைசியில் மாய உலகத்தாரின் உதவியால் அழகு பெறுகிறான். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதை மீறியதும் அவன் கதை வேறு பாதையில் போகிறது.

கூன், கேலி, அழகு, நிபந்தனை, வீழ்ச்சி என்று பொந்தியானாக்கும் எண்ணெய் மனிதனும் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. ஒன்று வெற்றி பெற்றால் அதே பாதையில் இன்னொன்றை எடுப்பது திரையுலகின் பழைய வழக்கம். ஆனாலும் பி.ரம்லீயின் படம் தனித்து நிற்கிறது. படத்தின் முதல் பாதியில் பேயே கிடையாது. மனிதர்கள்தான் அதில் பயமுறுத்துகிறார்கள். பின்பாதியில் பெண்கள் மீதான வன்முறை கதையின் பகுதியாக வருவதால், சிறு பிள்ளைகளுடன் பார்ப்பதைத் தவிர்ப்பது நல்லது. பி.ரம்லீயின் படங்கள் தொலைக்காட்சியில் அடிக்கடி மறுஒளிபரப்பாவதால் இது கிடைப்பதில் சிரமம் இருக்காது.

மீண்டும் வந்த பேய்

அறுபதுகளுக்குப் பின் ஸ்டூடியோக்கள் மூடப்பட்டன. உள்ளூர்ப் பேய்ப்படங்களுக்கு நீண்ட வறட்சி. தணிக்கைக் கெடுபிடியும் சேர்ந்துகொண்டது. 2004இல் சுஹைமி பாபா இயக்கிய ‘பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்’ அந்த வறட்சியைப் போக்கியது. கர்ப்பிணியாக இருக்கும்போது கொலை செய்யப்பட்ட நடனக்காரி மெரியாமாக மாயா காரின் நடித்தார். சிரிப்பு ஒன்றே போதும், முதுகுத்தண்டு சில்லிடும். அதன்பின் மலாய்ப் பேய்ப்படங்கள் மழைக்காலக் காளான்போல் முளைத்தன; பெரும்பாலானவற்றை விட்டுவிடலாம்.

விடக் கூடாதவை சில உண்டு. சம்சூல் யூசோப்பின் ‘முனாபிக்’ (2016), விபத்தில் மனைவியை இழந்து நம்பிக்கை குலைந்த சமய ஆசிரியர் ஒருவரைப் பற்றியது. சமயப் பின்னணி நமக்கு வேறாக இருந்தாலும், துக்கத்தில் இருக்கும் மனிதனைக் கெடுதி எப்படி அணுகுகிறது என்பது எல்லோருக்கும் புரியும். எமிர் எஸ்வானின் ‘ரோ’ ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான சிறிய படம். காட்டுக் குடிசையில் ஒரு தாயும் இரு பிள்ளைகளும். சேறு அப்பிய உடம்போடு வரும் அந்நியச் சிறுமி ஒருத்தி, அடுத்த முழுநிலவுக்குள் நீங்கள் எல்லோரும் செத்துவிடுவீர்கள் என்கிறாள். இசையும் வசனமும் குறைவு. காட்டின் சத்தம்தான் படம் முழுக்க. மலேசியா இதை ஆஸ்கார் விருதுக்கு அனுப்பியது. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இதைத் தனியாகப் பார்க்க வேண்டாம். அந்த இருட்டு அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இருட்டு.

அமண்டா நெல் இயூ இயக்கிய ‘டைகர் ஸ்ட்ரைப்ஸ்’ (2023), பூப்பெய்தும் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் உடலில் நேரும் மாற்றத்தைத் திகில் கதையாகச் சொல்கிறது. கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் முதற்பரிசு பெற்ற படம் இது. மலேசியத் திரையரங்குகளில் சில காட்சிகள் வெட்டப்பட்டே வெளியானது. அந்த வடிவம் தன்னுடையதாகாது என்று இயக்குநர் சொல்லிவிட்டார். மூத்த பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் அம்மாவும் மகளும் சேர்ந்து பார்க்க ஏற்றது.

சிங்கப்பூர்ப் பக்கம், கிளென் கோயியும் கேவின் யாப்பும் இயக்கிய ‘டெண்டாம் பொந்தியானாக்’ (2019) அழிந்துபோன 1957ஆம் ஆண்டுப் படத்தின் பெயரையே சூடிக்கொண்டு வந்தது. கதை நடப்பது 1965இல், ஒரு கம்போங் கல்யாணத்தில். மாப்பிள்ளையின் பழைய பாவம் கல்யாண வீட்டுக்கே தேடி வருகிறது. பழைய படங்களை இழந்த வருத்தத்துக்கு இது ஓரளவு ஆறுதல். கெல்வின் டோங்கின் ‘தி மெயிட்’ (2005) சீனர்களின் ஏழாம் மாதப் பேய்த் திருவிழாச் சமயத்தில் வேலைக்கு வரும் பிலிப்பீன்ஸ் பணிப்பெண்ணின் கதை. வீட்டுப் பணிப்பெண் இருக்கும் வீட்டார் இதைப் பார்க்கும்போது பேயைத் தவிர இன்னும் சிலவற்றையும் யோசிப்பார்கள்.

நம் மொழியில்

மலேசியத் தமிழ்ப்படங்களில் பேய்க்கதை குறைவு. அவற்றுள் கட்டாயம் பார்க்க வேண்டியது ஜே.கே.விக்கி இயக்கி 2022இல் வெளிவந்த ‘பூச்சாண்டி’. அமானுஷ்யக் கதைகளைத் தேடி மதுரையிலிருந்து மலேசியா வரும் பத்திரிகையாளரிடம் உள்ளூர் இளைஞர் ஒருவர், தனக்கும் நண்பர்களுக்கும் நேர்ந்ததைச் சொல்கிறார். நடுவில் ஒரு பழங்கால நாணயம் வருகிறது. பேயில் தொடங்கும் படம் தமிழர் வரலாற்றுக்குள் நுழைந்துவிடுகிறது. சோறு ஊட்டும்போது பிள்ளைகளை மிரட்டும் ‘பூச்சாண்டி’ என்ற சொல்லுக்கு, திருநீறு பூசிய ஆண்டிகளோடு தொடர்புபடுத்தி ஒரு விளக்கமும் தருகிறது. சொல்லாய்வாளர்கள் அதை ஏற்பார்களா என்பது தனி விவாதம். ஆனால் திரையரங்கை விட்டு வந்தவர்கள் ஒரு சொல்லின் வேரைப் பற்றி வாதாடிக்கொண்டு போனார்கள் என்றால், அது ஒரு பேய்ப்படத்துக்குக் கிடைத்த அரிய மரியாதை.

லயங்கள் இடிக்கப்பட்டு, தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்ட இந்நாளில், அந்த மரத்தடிக் கதைகளைச் சொல்லத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். முனீஸ்வரரின் காவலையும் நிரைக்காட்டு மோகினியையும் மையமாக வைத்து ஒரு நல்ல படம் எடுக்க உள்ளூர்க் கலைஞர்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

தமிழகப் படங்கள் என்றால் நம் வீடுகளில் ‘சந்திரமுகி’யும் ‘காஞ்சனா’வும்தான் முதலில் வரும். ‘சந்திரமுகி’ (2005) எத்தனையாவது முறை என்று கணக்கில்லாமல் பார்க்கப்பட்ட படம். அதன் மூலமான ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) மலையாளப் படத்தைப் பார்க்காதவர்கள் இந்த ஆண்டு பார்க்கலாம். ஷோபனாவின் நடிப்பு அதற்குப் போதுமான காரணம். ‘காஞ்சனா’ (2011) சத்தம் அதிகம், அடிதடியும் அதிகம். ஆனாலும் திருநங்கை ஒருவரின் வழக்கைப் பேயின் வாயால் பேச வைத்த படம் என்பதால் அதற்கு ஓர் இடம் உண்டு. அதன் பின்வந்த பாகங்களுக்கு அந்த இடம் இல்லை.

இவற்றைத் தாண்டிப் போக விரும்புவோருக்கு மூன்று படங்கள் உள்ளன. அறிவழகனின் ‘ஈரம்’ (2009) தண்ணீரை வைத்தே பயமுறுத்தியது. குழாயில் சொட்டும் நீர், கதவிடுக்கில் கசியும் நீர், மழை. வீணான சந்தேகத்துக்கு ஆளான பெண்ணின் கதை அது. விக்ரம் கே.குமாரின் ‘யாவரும் நலம்’ (2009) படத்தில் புதுவீட்டுக்குக் குடிவரும் குடும்பத்தின் வாழ்க்கையில் நடப்பதெல்லாம் தொலைக்காட்சி நாடகத்திலும் நடக்கிறது. பகலெல்லாம் சீரியல் பார்க்கும் வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்து பார்த்தால் அடுத்த நாள் தொலைக்காட்சியைப் போடவே யோசிப்பார்கள். மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) இவற்றில் எல்லாம் மென்மையானது. விபத்தில் அடிபட்டு, தன்னைத் தூக்கிச் சென்ற இளைஞனின் கையைப் பிடித்தபடியே இறக்கும் பெண், அவன் வீட்டுக்கே வந்துவிடுகிறாள். ஏன் வந்தாள் என்பதை இங்கே சொன்னால் படம் கெட்டுவிடும். பேய்ப்படம் பார்த்து அழுதோம் என்று பலர் சொன்னது இந்தப் படத்துக்குத்தான்.

அண்டை நாட்டுப் படங்களில் தாய்லாந்தின் ‘ஷட்டர்’ (2004) இன்றும் அசைக்க முடியாத இடத்தில் இருக்கிறது. தமிழில் ‘சிவி’ (2007) என்று எடுக்கப்பட்டதும் இதன் கதைதான். மூலத்தைப் பார்ப்பதே நல்லது. கழுத்துவலிக்கு இனி வேறு அர்த்தம் தோன்றும். இந்தோனேசியாவின் ‘பெங்காப்டி சேத்தான்’ (2017) படத்தை விளக்கை அணைக்காமல் பார்த்தாலும் தவறில்லை.

ஹலோவீன் என்ற பெயரிலேயே பார்க்க வேண்டும் என்போருக்கு ஜான் கார்பெண்டரின் ‘ஹலோவீன்’ (1978) இருக்கிறது. மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம். அதில் கொலைகாரன் அணியும் முகமூடி, ‘ஸ்டார் டிரெக்’ நாயகனின் முகமூடியை வாங்கி வெள்ளை அடித்தது. இசையும் இயக்குநருடையதே. அந்தப் பியானோ ஓசை இல்லாமல் படத்தைப் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில்

சிறு பிள்ளைகளோடு பார்க்க மாமாட் காலிட்டின் ‘ஹந்து காக் லிமா பாலிக் ரூமா’ (2010) பொருத்தமானது. கோலாலம்பூரிலிருந்து கம்போங் பீசாங்குக்குத் திரும்பும் ஹூசின், பக்கத்து வீட்டு லிமா அக்காவின் போக்கில் ஏதோ சரியில்லை என்று கண்டுகொள்கிறான். ஊரே அவளைக் கண்டு ஓடும் ஓட்டத்தில் பயத்தைவிடச் சிரிப்பே மிஞ்சும். கேலிச்சித்திரக் கலைஞர் லாட்டின் தம்பியான மாமாட் காலிட் 2021 அக்டோபரில் காலமானார். கம்போங் மனிதர்களை அவரளவுக்கு அன்போடு கிண்டல் செய்தவர்கள் குறைவு.

இன்னும் சிறியவர்களுக்கு ‘கோகோ’ (2017) என்ற கேலிச்சித்திரப் படம். மெக்சிகோவில் ஹலோவீனை அடுத்து வரும் நவம்பர் 1, 2ஆம் நாள்களில் இறந்தவர்களுக்குப் படம் வைத்து, பூ வைத்து, பிடித்த உணவைப் படைக்கும் வழக்கத்தைப் பற்றியது. தீபாவளிக்கு முந்தைய நாள் தாத்தா பாட்டி படத்துக்கு முன் இலை போட்டுப் படைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

மற்ற படங்களுக்குத் தணிக்கை முத்திரையைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். மலேசியாவில் 18 என்றும் சிங்கப்பூரில் என்சி16, எம்18 என்றும் இருந்தால் பிள்ளைகள் தூங்கியபின் பார்ப்பதே முறை. இணையத் தளங்களில் படங்கள் மாதத்துக்கு மாதம் இடம் மாறும் என்பதால், இன்று இருப்பது 31ஆம் தேதி இருக்கிறதா என்று முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளுங்கள். ‘சும்பா பொந்தியானாக்’ போன்ற பழைய படத்துக்குத் தமிழ் வசனவரி கிடைப்பது அரிது. மலாய் நன்றாகத் தெரிந்த பேரப்பிள்ளை ஒருவரைப் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும்.